மை வைத்த கைக்கு ஓட்டு இல்லை

பிளாரன்ஸ் டீச்சரை நான் முதலில் பார்த்தது 1977 ஜூன் மாதம், சட்டமன்றத் தேர்தலுக்காகத் தாலுகா ஆபீசில் நடந்த பயிற்சி வகுப்பில். நான் அதே ஆபீசில் கிளார்க். முப்பத்துநாலு வயது. அதற்கு முன்னால் மூன்று தேர்தல் பார்த்தவன் என்பதால் பின் வரிசையில் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

வகுப்பு முடியும்போது, வேலைக்குப் போகிறவர்கள் தபாலில் ஓட்டுப்போட விண்ணப்பம் வாங்கிக்கொள்ளலாம் என்று தாசில்தார் சொன்னார். எல்லாரும் எழுந்து அவர் மேசைப் பக்கம் போனார்கள். நீலச் சேலை கட்டிய ஒரு பெண் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

“என்னம்மா, உனக்கு ஓட்டு வேண்டாமா?” என்று தாசில்தார் கேட்டார்.

“எனக்குப் பத்தொம்பது வயசுதான் சார்.”

அறையே சிரித்தது. “ஓட்டுப்போட வயசில்லாத பிள்ளையப் போய் போலிங் ஆபீசரா போட்டிருக்காங்கய்யா” என்று யாரோ சத்தமாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், பள்ளிக்கூடத்துல என் கையெழுத்து செல்லுது. அடுத்தவங்க விரல்ல மை வைக்க என் கை செல்லுது. ஓட்டு மட்டும் ஏன் சார் செல்லாது?”

“சட்டம் இருபத்தொண்ணுன்னு சொல்லுது. உக்காரும்மா.”

அவள் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணோடுதான் எனக்கு ஒரே பூத்தில் வேலை என்பது மறுநாள் உத்தரவு வந்தபோது தெரிந்தது.

அவளுடைய அப்பா ரோச், சங்கு குளிக்கிறவர். ஆழத்தில் இறங்கி இறங்கிக் காது இரண்டும் சீழ் பிடித்து, கடைசியில் கடலுக்கே போக முடியாமல் ஆனவர். அம்மா அந்தோணியம்மாள் கருவாடு காயப்போட்டு விற்று மகளை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தாள். பிறகு பிளாரன்ஸ் சாயர்புரத்தில் ஒரு வீட்டில் தங்கி டீச்சர் டிரெயினிங் முடித்து, பத்தொன்பது நிறைவதற்குள் யூனியன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்பாவின் காது ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டபோது அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் பிளாரன்ஸ்தான் போட்டாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு. இதையெல்லாம் எங்களை ஏற்றிப்போன லாரியில், ஓட்டுப்பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டுக் கேட்டு அவள் சொன்னாள்.

எங்கள் பூத் இருந்த மேட்டுவிளை உப்பளங்களை ஒட்டிய ஊர். ஓட்டுப் பட்டியலில் இருந்த பெண்களில் பாதிப்பேர் அளத்து வேலைக்காரர்கள். எங்களுடையது பெண்கள் பூத். பிரிசைடிங் ஆபீசர் செல்லப்பாண்டி சார், உயர்நிலைப்பள்ளி வாத்தியார், ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருந்தது. நான் பெயர் படிக்க வேண்டும். பிளாரன்ஸ் விரலில் மை வைக்க வேண்டும். ஓட்டுச்சீட்டுக் கொடுக்க இன்னொருவர்.

வாக்குப்பதிவு அன்று காலை ஏழு மணிக்கே மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்துவிட்டது. உப்புத்தூள் ஜன்னல் வழியாக வந்து மேசையில் படிந்தது. ஏஜெண்டுகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பொன்னுதுரை. ஊரிலேயே பெரிய அளத்தில் கங்காணி. காலையில் ஆள்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு எடுப்பதும், வேண்டாதவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர்தான். அளத்து முதலாளி ஆதரித்த வேட்பாளருக்கு அவர் ஏஜெண்டு.

எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. செல்லப்பாண்டி சார் பேச்சை ஆரம்பித்தார். “ஓட்டு வயசைப் பதினெட்டாக் குறைக்கணும்னு டவுன்ல காலேஜ்ப் பையன்மார் ஊர்வலம் போறானுவ. நான் முப்பது வருசம் அந்த வயசுப் பிள்ளைகளோடதான் கிடந்திருக்கேன். எவன் மைக்கில சத்தமாப் பேசுதானோ அவன் பின்னால ஓடுற வயசு அது. பக்குவம் வேணும்லா?”

“நாப்பது வயசுல சத்தத்துக்குப் பின்னால ஓடுறவங்க இல்லையா சார்?” என்றாள் பிளாரன்ஸ்.

“இருக்கான். அவனுக்கு ஓடி விழுந்தா எழுந்திரிக்கத் தெரியும்.”

“பதினெட்டு வயசுல கல்யாணம் பண்ணி ரெண்டு பிள்ளை பெத்தவ இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்கா? தண்ணி வரலன்னா குடத்தத் தூக்கிட்டு ரெண்டு மைல் நடக்குறது அவதானே? தண்ணி கொண்டாரேன்னு சொல்லுறவன நம்பணுமா வேண்டாமான்னு அவளுக்குத் தெரியாதா சார்?”

“நீ டீச்சர். நீ இப்பிடிப் பேசுவ. எல்லாப் பிள்ளையும் நீயா?”

பொன்னுதுரை இடையில் புகுந்தார். “டீச்சருக்கு எத்தன வயசு?”

“பத்தொம்பது.”

“அப்ப ஓட்டில்ல?” சிரித்துக்கொண்டே கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி.”

இதை அவர் காதில் வாங்கி வைத்துக்கொண்டார் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

பத்து மணி வரை கூட்டம் அதிகமில்லை. அதன்பிறகு வெளியே சத்தம் கேட்டது. அளத்து மண் காலோடு நாற்பது பெண்கள் மொத்தமாக வந்து வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் ஒல்லியாக, கறுப்பாக, நெற்றி வரை தலைத்துண்டு கட்டியிருந்தாள். முதலாளி சொல்கிற சின்னத்துக்குப் போடாதவர்களுக்கு நாளை வேலை கிடையாது என்று முந்தின நாள் பேர் கூப்பிடும்போதே சொல்லியிருக்கிறார்கள். “போய்த்தான் பார்ப்போமே, பெட்டிக்குள்ள எட்டியா பார்ப்பாக?” என்று இவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். பூத் இருந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே அளத்து லாரி ஒன்று நின்றது. அதில் வந்த பத்துப் பதினைந்து ஆண்கள் இறங்கி, பேசாமல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே போலீஸ்காரர்.

முதலில் அவள் உள்ளே வந்தாள். சீட்டைப் பார்த்து நான் படித்தேன்: “நானூத்திப் பன்னெண்டு. முப்பிடாதி. தகப்பன் பேர் சங்கரலிங்கம். வயசு இருபத்தஞ்சு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் மைக்குச்சியோடு இருந்தவளைப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது.

“ஏளா பிளாரன்சு! நீயாளா? அஞ்சாம் வகுப்புல பார்த்தது! டீச்சராவா ஆயிட்ட?”

பிளாரன்சும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏனென்றால் பொன்னுதுரை எழுந்துவிட்டார்.

“சார், இந்த ஓட்டுக்கு நான் ஆட்சேபணை சொல்லுதேன்.”

“என்ன ஆட்சேபணை? லிஸ்ட்ல பேர் இருக்கே” என்றார் செல்லப்பாண்டி சார்.

“பேர் இருக்கட்டும். வயசு சரியில்ல. ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. டீச்சருக்குப் பத்தொம்பதுன்னு காலையில அவங்களே சொன்னாங்க. அப்ப இவளுக்கு மட்டும் எப்படி இருபத்தஞ்சு? டீச்சரையே கேளுங்க.”

வரிசையில் இரண்டாவதாக நின்ற ஆறுமுகத்தாய் என்ற பெண் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள். செல்லப்பாண்டி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ சொல்லும்மா. உண்மைதானா?”

பிளாரன்ஸ் மைக்குச்சியைக் கீழே வைத்தாள். உண்மையைச் சொன்னால் சிநேகிதியின் ஓட்டுப் போகும். பொய் சொன்னால் வேலையே போகும். நான் பட்டியலைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். என்னிடம் கேட்கவில்லையே என்ற நிம்மதிதான் எனக்கு அப்போது இருந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“என் வயசு எனக்குத் தெரியும் சார்” என்றாள் பிளாரன்ஸ். “அளத்து ஆளுகளுக்கு அளத்து ரெஜிஸ்டர்ல எழுதினதுதான் வயசுன்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இந்த லிஸ்ட்டும் அதைப் பார்த்து எழுதினதுதான். அந்த ரெஜிஸ்டரை எழுதினவரு இங்கனதான் நிக்காரு. இவளை வேலைக்குச் சேர்க்கும்போது என்ன வயசு போட்டாருன்னு அவரையே கேளுங்க.”

முப்பிடாதி பன்னிரண்டு வயதில் அளத்துக்குப் போனவள். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் சட்டச் சிக்கல் வரும் என்று அவளுக்குப் பதினெட்டு என்று எழுதிச் சேர்த்திருந்தார்கள். ஏழு வருடத்தில் அது இருபத்தைந்து ஆகிவிட்டது. ஓட்டர் லிஸ்ட் எடுக்க வந்தவரிடம் அளத்திலிருந்து கொடுத்த வயதும் அதுதான்.

பொன்னுதுரை மாட்டிக்கொண்டார் என்று நான் நினைத்தேன். பத்தொன்பது என்றால் அவர் எழுதியது பொய். இருபத்தைந்து என்றால் ஆட்சேபணை பொய். ஆனால் அவர் பதறவே இல்லை.

“ஆமா, நான்தான் எழுதினேன். அவ சொன்ன வயசைத்தான் எழுதினேன். இப்பவும் அவ வாயாலேயே சொல்லட்டும். எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட்டா எனக்கு ஆட்சேபணையே இல்ல.”

செல்லப்பாண்டி சாருக்கு அது நல்ல வழியாகத் தெரிந்தது. வயதில் சந்தேகம் வந்தால் உறுதிமொழி வாங்கலாம் என்று எங்கள் கையேட்டிலும் இருந்தது. ஒரு படிவத்தை எடுத்துப் பிளாரன்ஸிடம் கொடுத்தார். “படிச்சுச் சொல்லும்மா.”

பிளாரன்ஸ் படித்தாள். ‘இந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியில் எனக்கு இருபத்தொரு வயது நிறைந்திருந்தது; இது பொய்யானால் சிறைத் தண்டனை உண்டு என்று எனக்குத் தெரியும்.’ படித்து முடித்துவிட்டுப் பேனாவை நீட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

“ஜெயிலுக்கெல்லாம் ஒண்ணும் போகமாட்ட, சும்மா போடு” என்றார் பொன்னுதுரை. அவர் குரலில் இருந்த கனிவு எனக்குப் புரியவில்லை. முப்பிடாதிக்குப் புரிந்தது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“லேபர் ஆபீசர்ட்ட நாங்க மனு கொடுத்திருக்கோம்லா அண்ணாச்சி?” என்று மெதுவாகக் கேட்டாள். “பிள்ளைகளைப் பன்னெண்டு வயசுல இழுத்து வச்சு, பதினெட்டுன்னு எழுதுதாகன்னு. முதல் சாட்சியே நான்தான். இதுல கையெழுத்துப் போட்டுட்டேன்னா, நாளைக்கு நீங்க இந்தத் தாளக் காட்டி, அவளே எழுதிக் கொடுத்திருக்கா பாருங்கன்னு சொல்லுவீக. அதுக்குத்தானே?”

பொன்னுதுரை தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பிளாரன்ஸ் படிவத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். தான் சாமர்த்தியமாகச் சொன்ன வார்த்தைதான் சிநேகிதியை இந்தத் தாளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“சார்” என்றாள் முப்பிடாதி, செல்லப்பாண்டி சாரைப் பார்த்து. “எனக்குப் பத்தொம்பது வயசு. ஓட்டு வேண்டாம்.”

“யோசிச்சுத்தான் சொல்லுதியா?”

“ஓட்டுப்போடத்தான் வந்தேன் சார். ஆசை இல்லாம இல்ல. ஆனா என் வயசைப் பத்தி முதல் பொய்யை அவங்க எழுதினாங்க. ரெண்டாவது பொய்யை நான் எழுத மாட்டேன்.”

மை படாத விரலோடு அவள் வெளியே போனாள்.

அவள் படி இறங்குவதற்குள் பொன்னுதுரை ஜன்னல் வழியாக வெளியே ஏதோ சொன்னார்; உடனே லாரிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “முப்பிடாதிக்கே ஓட்டு இல்லன்னுட்டாங்க! அளத்துக்காரப் பொம்பளைக யாருக்கும் இல்ல! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!” வரிசை கலைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான்கைந்து பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் இன்னும் கிட்டே வந்தார்கள். போலீஸ்காரர் கொடிமரத்தடியில் நின்றவர் நின்றபடியே இருந்தார்.

பிளாரன்ஸ் எழுந்தாள். “சார், பொம்பளை வரிசை. நான்தான் போய்ப் பார்க்கணும்.” செல்லப்பாண்டி சார் தலையை ஆட்டுவதற்கு முன்பே அவள் வாசலுக்குப் போய்விட்டாள். நானும் எழுந்தேன், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“லிஸ்ட்ல பேர் இருக்கிறவங்களத் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் கிடையாது” என்று வகுப்பில் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள். “சீட்டு வச்சிருக்கிறவங்க வரிசையில வாங்க. ஒவ்வொருத்தரா வாங்க.”

லாரியில் வந்தவர்களில் ஒருவன் அவள் முகத்துக்கு நேரே வந்தான். “நீ யாருட்டி அதிகாரம் பேச? உனக்கே ஓட்டுக் கிடையாதாம்லா!”

“ஆமா. எனக்குக் கிடையாது” என்றாள். பின்னால் நகரவில்லை. “அவங்களுக்கு இருக்கு. நீங்க வழிய விடுங்க.”

அவன் கை ஓங்கவில்லை. ஆனால் ஓங்குவான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்போது தூரத்திலிருந்து முப்பிடாதியின் குரல் கேட்டது. பூத்தைச் சுற்றிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப்பக்கம், ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏ ஆறுமுகத்தாய் அக்கா! என் வயசுலதான கோளாறு? உன் வயசுல என்ன கோளாறு? போய்ப் போடு! நான் இங்கனதான் இருப்பேன். போட்டுட்டு வந்து விரலைக் காட்டு!”

ஆறுமுகத்தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த ஆளைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து படி ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. போலீஸ்காரர் ஒருவழியாக லத்தியை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் போனார். பிளாரன்ஸ் வந்து உட்கார்ந்து மைக்குச்சியை எடுத்தாள். முதல் இரண்டு மூன்று பேருக்குக் அவசரத்தில் மை விரலெல்லாம் வழிந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் முப்பத்தாறு பேர் ஓட்டுப்போட்டார்கள். முப்பிடாதியைத் தவிர மூன்று பேர் போடாமல் போனார்கள்.

மாலையில் பெட்டிக்குச் சீல் வைத்துவிட்டு, செல்லப்பாண்டி சார் அன்றைய டைரியை எழுதினார். ‘குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை’ என்று எழுதப் போனவரைப் பிளாரன்ஸ் நிறுத்தினாள்.

“முப்பிடாதி வயசு பத்தொம்பதுன்னு அவளே சொல்லி, ஓட்டுப்போடாமப் போனதை எழுதுங்க சார். பொன்னுதுரை அண்ணாச்சி, நான்தான் ரெஜிஸ்டர்ல வயசு எழுதினேன்னு சொன்னதையும் எழுதுங்க.”

“எதுக்கும்மா வம்பு? எனக்கு எட்டு மாசம் இருக்கு.”

“நடந்தது சார்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு மேசையில் படிந்த உப்பைக் கையால் துடைத்தார். பிறகு எழுதினார். நாலு வரி. எங்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போட்டேன். அந்த நாள் முழுவதிலும் நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே நல்லதாக நடந்தது என்று சொல்ல முடியாது. டீச்சர் சிநேகிதிக்காகப் பேசினார் என்று புகார் போனது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிளாரன்ஸைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு மைல் நடக்க வேண்டும். செப்டம்பரில் லேபர் ஆபீசர் விசாரணைக்கு வந்தார். பிளாரன்ஸ் தன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், 1963-ஆம் வருட அட்மிஷன் ரெஜிஸ்டரில் முப்பிடாதியின் பிறந்த தேதியை நகல் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் டைரியின் நாலு வரியும் விசாரணையில் படிக்கப்பட்டது. அதிலிருந்த சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான் என்று நானும் போய்ச் சொன்னேன். பதினொரு சின்னப் பிள்ளைகளின் பெயரை அளத்து ரெஜிஸ்டரிலிருந்து அடித்தார்கள்.

அந்தப் பதினொரு வீட்டில் நாலைந்து வீட்டார் முப்பிடாதியின் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். பிள்ளை கொண்டுவந்த கூலியும் போயிற்றே என்று. அவளையும் அளத்தில் மறுபடி எடுக்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் மிளகாய் வற்றல் பொறுக்குகிற வேலைக்குப் போனாள்.

அடுத்த வருடம் பிளாரன்ஸ் ஒரு மனு எழுதினாள். ஓட்டு வயதைப் பதினெட்டாகக் குறைக்க வேண்டும் என்று டில்லிக்கு. கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக அலைந்தாள். செல்லப்பாண்டி சார் ரிட்டையர் ஆகி வீட்டில் இருந்தார். காப்பி கொடுத்து, மனுவை முழுக்கப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். “நீ அன்னைக்கு நின்னது பெரிய காரியம். ஆனா என் எண்ணம் மாறலம்மா” என்றார்.

முப்பிடாதியும் முதலில் போடவில்லை. நான் அப்போது கூட இருந்தேன்.

“பதினெட்டுன்னு ஆக்கினா என்ன ஆகும் தெரியுமாளா?” என்றாள். “பதினாலு வயசுப் பிள்ளையப் பதினெட்டுன்னு எழுதி, லாரியில ஏத்திக் கொண்டாந்து முதலாளி சின்னத்துல குத்தச் சொல்லுவான். என்னை எழுதலையா?”

“அதுக்காக உண்மையிலேயே பதினெட்டு ஆனவளுக்கு இல்லன்னு சொல்லுறதா?” என்று பிளாரன்ஸ் கோபமாகக் கேட்டாள். “அன்னைக்கு உனக்குப் பத்தொம்பது. ஓட்டு வயசு பதினெட்டுன்னு இருந்திருந்தா அந்தத் தாளே வந்திருக்காது. நிமிர்ந்து நின்னு போட்டிருப்ப.”

இருவரும் சண்டை போடுவதுபோலவே அரைமணி நேரம் பேசினார்கள். முடிவில் பிளாரன்ஸ் மனுவில் இன்னொரு கோரிக்கையைச் சேர்த்தாள்: வேலை கொடுக்கிறவர் சொல்கிற வயதை வைத்து ஓட்டர் லிஸ்ட் எழுதக் கூடாது, பள்ளிக்கூடத்துப் பதிவையோ பிறப்புப் பதிவையோ பார்க்க வேண்டும் என்று. அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டு முப்பிடாதி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் இப்படி மனுக்களில் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. போட்டேன். மெமோ வருமென்று ஒரு மாதம் பயந்துகொண்டே ஆபீசுக்குப் போனேன். வரவில்லை. டில்லியிலிருந்து, மனு கிடைத்தது என்று ஒரு அச்சடித்த கார்டு மட்டும் பிளாரன்ஸின் பெயருக்கு வந்தது. ஓட்டு வயது பதினெட்டாகக் குறைய 1989 வரை ஆயிற்று. அவர்கள் இரண்டு பேரும் இருபத்தொன்று நிறையும் வரை காத்திருந்துதான் பட்டியலில் சேர்ந்தார்கள், முப்பிடாதி இந்தத் தடவை தன் சொந்த வயதோடு.